பந்து வராதபோது பையன் என்ன செய்கிறான்?

பையன் மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்கிறான். விரல்களை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரிக்கிறான். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளவு எடுக்கிறார்கள். ஒன்பது அங்குலமா, ஒன்பதே காலா? அரைக்கால் அங்குலத்தைக்கூட விட மாட்டார்கள். ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் குறித்துக்கொள்ள, அந்த எண் 32 அணிகளின் கோப்புகளுக்கும் போய்ச் சேர்கிறது. அடுத்தது கை நீளம். பிறகு உயரம், எடை. அதன்பின் டாக்டர்கள். இத்தனைக்கும் பையன் இன்னும் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை!

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., கல்லூரி ஆட்டக்காரர்களை எடைபோடும் பருவம் இது. அதிலும் வைட் ரிசீவரை எடைபோடுகிறார்களே, அது தனி ரகம். கடிகாரமும் உண்டு, கணக்கும் உண்டு. இருட்டறையில் உட்கார்ந்து ஒரே காட்சியை நாற்பது தடவை ஓட்டிப் பார்க்கும் வெறியும் உண்டு. விளையாட்டு உலகத்தின் திரைமறைவு வேலைகளிலேயே எனக்கு இதைப் போல மனசைத் துள்ளவைக்கும் வேலை வேறு கிடையாது. உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், வாருங்கள்!

துணைக்கு ஒருவரை அழைத்துப் போவோம். லூயிசியானாக்காரர் ஜஸ்டின் ஜெஃபர்சன். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2020-ல் இவருக்கு முன்னால் நான்கு ரிசீவர்கள் எடுக்கப்பட்டார்கள். இவர் போனது 22-வது இடத்தில். இன்று இந்த ஆட்டத்தின் தலைசிறந்த ரிசீவர் யார் என்று பேச்சு வந்தால் முதல் மூச்சிலேயே வரும் பெயர் இவருடையது. அந்த நால்வரை எடுத்த அணிகளிடமும் அதே ஃபிலிம் இருந்தது, அதே அளவுகள் இருந்தன. அப்படியானால் எங்கே பார்த்திருக்க வேண்டும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சுற்று.

இரண்டரை விநாடிக் கூத்து

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிட அறிமுகம். இரண்டு பக்கமும் 11 பேர். பந்தை வீசுபவர் குவார்ட்டர்பேக். கூட்டத்தைவிட்டுத் தள்ளி, மைதானத்தின் ஓரத்தில் தனியாக நிற்கிறானே ஒருவன், அவன்தான் வைட் ரிசீவர். பந்து அசைந்ததும் ஓட வேண்டும். எந்த வழியில் ஓடுவது என்பது முன்பே பேசி முடிவானது; அந்த வழிக்கு ரூட் என்று பெயர். அவனை மறிக்க எதிரே கார்னர்பேக். எதிரணித் தடியர்கள் குவார்ட்டர்பேக்கின் மேல் பாய்ந்து விழுவதற்கு முன்னால், ஏறக்குறைய இரண்டரை மூன்று விநாடிக்குள், ரிசீவர் தன்னைத் துரத்துபவனிடமிருந்து இரண்டு மூன்று அடியாவது விலகிவிட வேண்டும். இந்த இடைவெளியைத்தான் செபரேஷன் என்கிறார்கள். அது கிடைத்தால் பந்து வரும். கிடைக்காவிட்டால் பந்து வேறு யாருக்கோ போகும்.

டிராஃப்ட் என்பது 32 அணிகள், 7 சுற்றுகள். போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. 1936-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது இந்த ஏற்பாடு. அன்று முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் என்.எஃப்.எல்.-இல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை! இன்றோ திருவிழா. 2024-ல் டெட்ராய்ட்டில் நடந்தபோது மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேர் வந்து குவிந்தார்கள். பெயர்களை வாசிப்பதைக் கேட்க!

இருட்டறையில் ஓடும் படம்

அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் இலையுதிர்காலம் முழுக்கக் கல்லூரி கல்லூரியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள். காலையில் கல்லூரியின் ஃபிலிம் அறை, பிற்பகலில் பயிற்சி மைதானம், ராத்திரி மோட்டல் அறையில் அறிக்கை எழுதுவது, மறுநாள் அடுத்த ஊர். டிவியில் நாம் பார்க்கும் படம் அவர்களுக்கு உதவாது. டிவி கேமரா பந்தின் பின்னால் போகும்; பந்து வீசப்படும்வரை ரிசீவர் படத்துக்கு வெளியே இருப்பான். அவர்கள் பார்ப்பது ஆல்-22. மைதானத்தின் உச்சியிலிருந்து எடுத்த படம். 22 பேரும் ஒரே சட்டகத்துக்குள் எறும்புபோலத் தெரிவார்கள். வர்ணனை கிடையாது, இசை கிடையாது. கையில் ஒரு ரிமோட். முன்னால், பின்னால், மறுபடி முன்னால்.

அந்தப் படத்தில் என்னதான் பார்க்கிறார்கள்? ஒரே ஒரு ரூட்டை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம்.

ரூட்களுக்கு எண் உண்டு. பல அணிகளில் வழக்கமான கணக்குப்படி 2 என்றால் ஸ்லாண்ட், 6 என்றால் டிக், 8 என்றால் போஸ்ட், 9 என்றால் நேராக ஒரே ஓட்டம். இரட்டைப்படை எண்கள் மைதானத்தின் உள்பக்கம் திரும்பும், 9-ஐத் தவிர மற்ற ஒற்றைப்படை எண்கள் ஓரத்தை நோக்கிப் போகும். எவ்வளவு அழகான ஒழுங்கு! நாம் எடுத்துக்கொள்வது 6. பன்னிரண்டு கெஜம் நேராக ஓடி, சட்டென்று உள்பக்கம் வெட்டும் வழி.

முதல் அடி. பையனின் முன்னங்கால் பின்னுக்குப் போய்விட்டு முன்னே வருகிறதா, அல்லது நேரே முன்னே பாய்கிறதா? பின்னுக்குப் போனால் கால் விநாடி போச்சு. ஐந்தாவது கெஜம். தலை நிமிர்கிறதா? நிமிர்ந்தால் எதிரி கண்டுபிடித்துவிடுவான்: "இவன் வேகம் குறைக்கப் போகிறான்". நல்ல ரிசீவர் 9-ஆம் எண் ரூட்டில் எப்படி ஓடுவானோ அப்படியே 6-லும் ஓடுவான். கார்னர்பேக் மிரண்டுபோய் முதுகைக் காட்டி ஓடத் தொடங்கும்வரை அதே வேகம், அதே குனிந்த தோள். பத்தாவது கெஜம். இதோ கார்னர்பேக்கின் இடுப்பு திரும்பிவிட்டது! அந்த நொடியில் பையன் இடுப்பைத் தாழ்த்துகிறான். எத்தனை அடியில் நிற்கிறான் என்று எண்ணுகிறார்கள். நாலைந்து குட்டி அடிகள் வைத்தால் சாதாரணம். இரண்டே அடியில் நின்று வெட்டினால், ஸ்கவுட் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுப்பார்.

இன்னும் முடியவில்லை. பந்து காற்றில் வருகிறது. பையனின் கைகள் எப்போது மேலே போகின்றன? சீக்கிரம் தூக்கினால், முதுகுக்குப் பின்னால் துரத்தி வருபவனுக்கு அது சமிக்ஞை. பந்தைப் பார்க்காமலே கையைத் தட்டிவிடுவான். கெட்டிக்காரன் கடைசிக் கணம்வரை கையைத் தூக்காமல் சாதாரணமாக ஓடிக்கொண்டே இருப்பான். கண்ணில்கூடப் பரபரப்பு தெரியாது. பந்து மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் கை எழும். பிடிப்பதும் விரல்களால், உடம்பிலிருந்து தள்ளி. மார்பில் அணைத்துப் பிடிப்பவன் பெயருக்கு எதிரே ஒரு கழித்தல் குறி.

இத்தனையும் ஒரே ஒரு ரூட்டில்! இப்போது சொல்கிறேன் இந்தத் தொழிலின் உயிர்நாடியை. பந்து வராத ரூட்களைத்தான் கெட்டிக்கார ஸ்கவுட் அதிகம் பார்ப்பார்.

ஜெஃபர்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் எல்.எஸ்.யு. என்கிற லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 15 ஆட்டங்களில் 111 பந்துகளைப் பிடித்தார். ஒரு ஆட்டத்துக்கு ஏழெட்டு. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் ஓடிய ரூட்கள் அதைப்போலப் பல மடங்கு. பந்து வந்த ஏழெட்டை மட்டும் பார்த்தால், நீங்கள் பாதிக்கு மேல் குவார்ட்டர்பேக்கின் மூளையைத்தான் பார்க்கிறீர்கள். பந்து வராத மீதியில் தெரிவதுதான் பையனின் கால், இடுப்பு, புத்தி, மனசு. தனக்குப் பந்து வராது என்று தெரிந்தும் முழு வேகத்தில் ஓடுகிறானா? ஓடினால்தான் அவனோடு இரண்டு காவலர்கள் போவார்கள், பக்கத்தில் இருப்பவனுக்கு வழி திறக்கும். சக ஆட்டக்காரன் பந்தைச் சுமந்து ஓடும்போது, இவன் தன்னைவிடப் பெரிய ஆளை மறித்து நிற்கிறானா, அல்லது இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறானா? படத்தில் எல்லாம் பதிவாகியிருக்கும்!

முதல் ஐந்து கெஜம்

ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம். அலபாமாவில் மொபைல் என்கிற துறைமுக நகரம். கடைசி வருட மாணவர்களுக்காகத் தொடங்கிய சீனியர் பவுல் ஆட்டம் இங்கே நடக்கிறது. ஆட்டத்தைவிட அதற்கு முன்பு நடக்கும் பயிற்சி நாள்கள்தான் விருந்து. 32 அணிகளின் ஆட்களும் மைதானத்தைச் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

அவர்கள் முண்டியடித்துக்கொண்டு பார்க்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு ரிசீவர், ஒரு கார்னர்பேக், ஒரு குவார்ட்டர்பேக். வேறு யாரும் இல்லை. என்.எஃப்.எல். விதிப்படி முதல் ஐந்து கெஜத்துக்குள் கார்னர்பேக் ரிசீவரைக் கையால் தள்ளலாம், மறிக்கலாம். அதற்கு அப்பால் கை வைத்தால் குற்றம். எனவே மூக்கோடு மூக்கு உரசுமாறு வந்து நின்றுகொள்வான். அவன் கையில் சிக்காமல் ரிசீவர் அந்த ஐந்து கெஜத்தைக் கடப்பதற்கு ரிலீஸ் என்று பெயர். கபடியில் பாடிப் போகிறவர் தோளை ஒரு பக்கம் காட்டிவிட்டுக் கால் மறுபக்கம் பறக்க, பிடிக்க வந்தவர் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதே வித்தைதான்! பையனின் கண் ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், கை எதிரியின் மணிக்கட்டைத் தட்டிவிட, கால் வேறு பக்கம். அரை விநாடி. புல்லில் நின்று பார்ப்பவர்கள் "ஓஹோ" என்று கத்திவிடுவார்கள்.

இப்படி மொபைலில் மளமளவென்று ஏறியவர் டெர்ரி மெக்லாரின். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்லூரிக் காலம் முழுவதிலும் சேர்த்து அவர் பிடித்தது 75 பந்துகள்தான். ஜெஃபர்சன் ஒரே வருடத்தில் பிடித்ததைவிடக் குறைவு! ஆனால் பந்து வராதபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் அணி பந்தை உதைத்து அனுப்பும்போது, கன்னர் என்ற பொறுப்பில் முதல் ஆளாகப் பாய்ந்து ஓடி, எதிரணிக்காரனை மடக்கிக் கீழே சாய்த்துக்கொண்டிருந்தார். நட்சத்திரங்கள் தொட விரும்பாத வேலை அது. 2019-ல் மொபைலில் நேருக்கு நேர் பயிற்சியில் அவர் ரிலீஸைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். வாஷிங்டன் அணி 76-வது ஆளாக எடுத்தது. 2020 முதல் 2024 வரை தொடர்ந்து ஐந்து சீசன்கள் ஆயிரம் கெஜத்துக்கு மேல் குவித்தார்.

கடிகாரம் சொல்வதும் சொல்லாததும்

இனி இண்டியானாபொலிஸ், கம்பைன் என்கிற சோதனை முகாம். 1987-லிருந்து இந்த ஊரில்தான் நடக்கிறது. முந்நூறுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களுக்கு அழைப்பு. இதன் வேர் மருத்துவப் பரிசோதனை. ஒவ்வொரு அணியும் தனித்தனியாக ஒவ்வொரு பையனையும் டாக்டரிடம் அனுப்புவதற்குப் பதில், எல்லோரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்று 1982-ல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் தொடங்கியதுதான் இப்படி வளர்ந்தது. இன்றும் கதவுக்குப் பின்னால் முட்டி, தோள், கணுக்கால் என்று டாக்டர்கள் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பதற்கு இருக்கும் மதிப்பு தனி.

கதவுக்கு முன்னால் 40 கெஜ ஓட்டம்! அரங்கம் அடங்கிவிடும். பையன் மூன்று விரல்களைத் தரையில் ஊன்றி, உடம்பைக் கூட்டி நிற்கிறான். அவன் அசைந்ததும் ஒரு மனிதக் கை கடிகாரத்தைத் தொடக்குகிறது. எல்லையில் ஒளிக்கற்றை அதை நிறுத்துகிறது. 2024-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து சேவியர் வொர்தி 4.21 விநாடியில் பறந்து, கம்பைன் வரலாற்றின் சாதனையைத் தட்டிக்கொண்டு போனார். அதற்கு முந்தைய சாதனை 2017-ல் ஜான் ராஸ் ஓடிய 4.22. ராஸை 9-வது ஆளாக சின்சினாட்டி எடுத்தது. முதல் சீசனில் அவருக்கு ஒரு பிடிப்புகூட அமையவில்லை. அதே டிராஃப்டில் 4.62-இல் ஓடிய ஒருவர் 69-வது ஆளாகப் போனார். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு மூலையில் சீனி என்கிற சின்ன ஊரில், சிவப்பு நிறப் புல்தரையில் ஆடிய கூப்பர் கப். 2021 சீசனில் 145 பிடிப்பு, 1,947 கெஜம், 16 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது). மூன்றிலும் லீகிலேயே முதல் இடம். அதே சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஆட்ட நாயகன்!

இன்னும் பின்னால் போனால் சிலிர்க்கும். மிசிசிப்பியில் ஒரு சின்னக் கல்லூரி. கொத்தனார் வேலை பார்த்த அப்பாவுக்கு உதவியாக, அண்ணன் தம்பிகள் தூக்கிப்போடும் செங்கல்லைப் பிடித்துப் பழகிய பையன். 40 கெஜத்தில் 4.6, 4.7 என்று பேச்சு. வேகம் போதாது என்று பலர் ஒதுக்கினார்கள். சான் பிரான்சிஸ்கோ பயிற்சியாளர் பில் வால்ஷ், 1984-ல் ஹூஸ்டனில் ஒரு ஹோட்டல் அறையில் டிவியில் அந்தப் பையனின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மனசைப் பறிகொடுத்தார். 1985 டிராஃப்டில் பேரம் பேசி முன்னால் வந்து 16-வது ஆளாக எடுத்தார். பெயர் ஜெர்ரி ரைஸ். 1,549 பிடிப்பு, 22,895 கெஜம். இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

அப்படியானால் கடிகாரம் பொய்யா? இல்லவே இல்லை! வேகம் எதிரியைப் பயமுறுத்தும், பயந்தவன் பின்வாங்குவான், பின்வாங்கினால் இடைவெளி. ஆனால் 40 கெஜம் நேர்கோடு. நேராக ஓடுவதில் கெட்டிக்காரனா என்பதைத்தான் அது சொல்லும். டி.கே. மெட்காஃப் 2019-ல் 228 பவுண்டு எடையோடு 4.33-இல் ஓடியபோது பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனையில் அவருக்கு 7.38 விநாடி ஆனது. ஓட்டத்துக்குப் பேர்போகாத குவார்ட்டர்பேக் டாம் பிரேடி தன் காலத்தில் 7.20-இல் முடித்த சோதனை அது! மெட்காஃப் இரண்டாம் சுற்றின் கடைசி இடத்துக்குச் சரிந்தார். ஆனாலும் சியாட்டில் அணி அவரை எடுத்து, அவரது நேர்கோட்டு வேகத்துக்கு ஏற்ற வேலையைக் கொடுத்தது; வெற்றியும் பெற்றது. பையனுக்கு எது வரும் என்று கண்டுபிடிப்பது ஒரு பாதி. அது நம் அணிக்கு எங்கே தேவை என்று தெரிந்திருப்பது மறு பாதி.

எனக்கு உயிரான சோதனை வேறொன்று: காண்ட்லெட். மைதானத்தின் குறுக்கே வரைந்த கோட்டின் மேல் பையன் ஓடுகிறான். இடப்பக்கமிருந்து ஒரு பந்து. பிடித்து, விட்டெறிந்து, தலையைத் திருப்பு. வலப்பக்கமிருந்து ஒரு பந்து. மறுபடி இடம். மறுபடி வலம். இதில் எத்தனை பிடித்தான் என்பதைவிடக் கோட்டைப் பாருங்கள். கால் கோட்டைவிட்டு விலகினால், பந்துக்காக உடம்பு வளைகிறது என்று பொருள். வேகம் குறைந்தால், கையை நம்பாமல் காலை நிறுத்துகிறான் என்று பொருள். சில விநாடிக்குள் பையனின் தன்னம்பிக்கை முழுவதும் வெட்டவெளிச்சம்!

ராத்திரியானால் மூடிய அறைகளில் நேர்காணல். திரையில் பையனின் மோசமான ஆட்டம் ஒன்றை ஓடவிட்டு, "இதில் என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். பழி யார் மேல் விழுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். பிறகு புதிதாக ஒரு ஆட்ட வரைபடத்தைச் சொல்லிக் கொடுத்து, வேறு பேச்சுப் பேசிவிட்டு, "அதைத் திரும்ப வரைந்து காட்டு" என்பார்கள். ரூட்டை மறப்பவனுக்கு எவ்வளவு வேகமிருந்தும் புண்ணியமில்லை.

2020-ல் ஜெஃபர்சன் இங்கே வந்தபோது அவர் மேல் இருந்த பெரிய சந்தேகம் வேகம்தான். 4.43-இல் ஓடி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார். ஆனால் இன்னொரு சந்தேகம் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

போன வருடத்து டேப்

2019-ல் எல்.எஸ்.யு. அவரைப் பெரும்பாலும் ஸ்லாட்டில் நிறுத்தியது. அதாவது ஓரத்தில் இல்லாமல், உள்பக்கம் தள்ளி. அங்கே நிற்பவனைக் கார்னர்பேக் மூக்கோடு மூக்காக மறிப்பது அரிது. இரண்டு பக்கமும் ஓட இடமிருக்கும். பந்து வீசியவரோ அந்த வருடம் 60 டச்டவுன் வீசிய ஜோ பர்ரோ. பக்கத்தில் ஓடியவர் இன்னொரு அபார ரிசீவரான ஜமார் சேஸ். அணி 15 ஆட்டங்களில் 15 வெற்றி. ஓக்லஹோமாவுக்கு எதிரான அரையிறுதியில் ஜெஃபர்சன் 14 பிடிப்பு, 227 கெஜம், 4 டச்டவுன். நான்கும் முதல் பாதியிலேயே! இதையெல்லாம் பார்த்தவர்கள் நியாயமாகவே கேட்டார்கள்: இது இவரா, இவரைச் சுற்றி இருந்தவர்களா? ஓரத்தில் நிறுத்தி, ஒருவன் மார்பில் கை வைத்து மறித்தால் என்ன செய்வார்?

விடை இருந்தது! 2018-ஆம் வருடத்து டேப்பில். அந்த வருடம் அவர் பெரும்பாலும் ஓரத்தில்தான் நின்றார். எல்.எஸ்.யு.வின் தாக்குதல் முறை பழையது, பந்து வீச்சு இன்னும் சூடுபிடிக்கவில்லை. 54 பிடிப்பு, 875 கெஜம், 6 டச்டவுன். கண்ணைப் பறிக்கும் எண்கள் இல்லை. ஆனால் எதிரி மூக்குக்கு நேரே நின்று மறிக்க, இவர் தோளைக் காட்டிக் காலை மாற்றிக் கழன்றுபோகும் ரூட்கள் அந்தப் படத்தில் இருக்கின்றன. அவற்றில் எத்தனையோ ரூட்களில் பந்து இவர் பக்கம் வரவேயில்லை. விலகி, தனியாக, திறந்த வெளியில் ஓடிக்கொண்டிருக்கிறார்!

அதற்கும் பின்னால் 2017. அந்த வருடம் அவருக்கு ஒரு பிடிப்புகூட இல்லை. கல்லூரியில் சேரும் தகுதி விவகாரம் இழுத்துக்கொண்டே போய், சீசன் தொடங்கும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தார். அண்ணன்கள் ஜோர்டனும் ரிக்கியும் அதே எல்.எஸ்.யு.வுக்கு ஆடியவர்கள்; ஜோர்டன் குவார்ட்டர்பேக், ரிக்கி தற்காப்புக்காரர். ஒருவர் வீசுபவரின் கண்ணால் ஆட்டத்தைப் பார்ப்பவர், இன்னொருவர் மறிப்பவரின் கண்ணால். அந்த வீட்டில் கடைக்குட்டியாக வளர்வது எப்பேர்ப்பட்ட பாடம்! ஸ்கவுட்டுகள் பயிற்சியாளரிடமும் உடற்பயிற்சி அறை ஆட்களிடமும் பையனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பது இதற்குத்தான். பூஜ்யத்திலிருந்து 54, 54-லிருந்து 111. அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், இன்னும் எவ்வளவு ஏறுவான் என்று ஊகிக்கலாம்.

கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் இன்னும் சில வேறுபாடுகளை ஸ்கவுட் மனசுக்குள் கழித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். கல்லூரியில் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் பிடிப்பு செல்லும், என்.எஃப்.எல்.-இல் இரண்டு காலும் பட வேண்டும். அதனால் ஓரத்தில் பிடிக்கும் ஒவ்வொரு பந்திலும், விதி கேட்காவிட்டாலும் இரண்டாவது காலைப் பையன் இழுத்து வைக்கிறானா என்று பார்ப்பார்கள். ஆட்டம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் இரண்டு வரிசைக் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.-இல் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் ஒரு பக்கம் பரந்த வெளி கிடைக்கும். மேலே போனால் அந்த வெளி சுருங்கும். பரந்த வெளியில் பறந்தவனை நெருக்கடியில் வைத்துக் கற்பனை செய்து பார்ப்பதுதான் இந்த வேலையின் கலை.

ஏப்ரல் 23 இரவு

டிராஃப்டுக்கு முந்தைய வாரங்களில் ஒவ்வொரு அணி அலுவலகத்திலும் ஒரு பெரிய பலகை. நெடுக்கில் ஆட்டப் பொறுப்புகள், கிடக்கையில் சுற்றுகள், பெயர் எழுதிய காந்த அட்டைகள். ஒரு அட்டையை ஒரு வரிசை மேலே நகர்த்த ஒரு மணி நேரம் சண்டை. "அவன் ரிலீஸைப் பார்த்தீர்களா?" "பார்த்தேன், முட்டி ரிப்போர்ட்டைப் பார்த்தீர்களா?" மாதக்கணக்கில் கார் ஓட்டிய ஸ்கவுட் எழுந்து நின்று தன் பையனுக்காக வாதாடும் கட்டம். இந்த அறைக்குள் ஒரு ஈயாக இருக்க எனக்கு அவ்வளவு ஆசை!

2020-ல் அந்த அறைகளும் பூட்டப்பட்டன. கொரோனா. மார்ச் நடுவில் கல்லூரிச் சோதனை நாள்கள் ரத்து, நேர் சந்திப்புகள் ரத்து. லாஸ் வேகஸில் நடக்கவிருந்த விழாவுக்குப் பதில், லீகின் தலைவர் ரோஜர் குடெல் தன் வீட்டு அடித்தள அறையிலிருந்து பெயர்களை வாசித்தார். அணி மேலாளர்கள் அவரவர் வீட்டில், பிள்ளைகள் சூழ. கம்பைனுக்குப் பிறகு எல்லோரும் ஃபிலிமைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

12-வது இடத்தில் ஹென்றி ரக்ஸ். 15-இல் ஜெரி ஜூடி. 17-இல் சீடீ லாம்ப். அவரும் உச்சிக்குப் போனார், டல்லாஸ் அதில் தப்புச் செய்யவில்லை. 21-வது இடத்தில் ஃபிலடெல்ஃபியா. ரிசீவர் அவசரமாகத் தேவை. ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார். வாசித்த பெயர்: ஜேலன் ரேகர், டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம். அந்தத் தேர்வுக்கும் காரணம் இருந்தது. 2018-ல் ஆயிரம் கெஜம் தாண்டியவர். 2019-ல் பந்து வீச்சு சரியில்லாததால் எண்கள் இறங்கின என்று கழித்துக் கணக்குப் போடலாம். துள்ளல் அபாரம். ஆனால் ஃபிலடெல்ஃபியாவின் சீருடையில் இரண்டு சீசனில் 64 பிடிப்புகளோடு அந்தக் கதை முடிந்தது.

அடுத்த வாய்ப்பு மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு. தங்கள் நட்சத்திர ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை ஐந்து வாரம் முன்புதான் பஃபலோவுக்குக் கொடுத்து, பதிலாக வாங்கியிருந்தார்கள் இந்த 22-வது இடத்தை. ஜெஃபர்சன் பெயரை எழுதினார்கள். முதல் சீசனிலேயே 88 பிடிப்பு, 1,400 கெஜம். ஓரத்தில் நிறுத்தினார்கள், கழன்றார். மறித்தார்கள், கழன்றார். 2022-ல் 128 பிடிப்பு, 1,809 கெஜம். அந்த வருடம் நவம்பரில் பஃபலோவில், இந்த ஒரு முயற்சி தவறினால் தோல்விதான் என்ற கட்டத்தில், எதிரியின் கையோடு சேர்த்து ஒற்றைக் கையால் பறித்த பந்தை இன்னும் பார்க்காதவர்கள் இன்றே பார்த்துவிடுங்கள்! 2024 ஜூனில் நான்கு வருடத்துக்கு 14 கோடி டாலர் ஒப்பந்தம். வருடச் சராசரியில், குவார்ட்டர்பேக் அல்லாத ஒருவருக்கு அதுவரை இல்லாத தொகை.

இதைப் படித்துவிட்டு ஃபிலிமைவிடச் சோதனைகள் அற்பம் என்றோ, ஃபிலடெல்ஃபியாக்காரர்களுக்குக் கண் தெரியவில்லை என்றோ நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் ஒரே பையனைத்தான் பார்த்தார்கள். அவன் எங்கே நின்றான், யாரிடமிருந்து பந்து வாங்கினான், எத்தனை வாங்கினான் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. எப்படி விலகினான் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. 2021-ல் டெட்ராய்ட் 112-வது ஆளாக எடுத்த அமோன்-ரா செயின்ட் பிரவுன் தனக்கு முன்னால் போன 16 ரிசீவர்களின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்வார். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு நின்று 202 பந்துகள் பிடிப்பார். 2023-ல் 177-வது ஆளாகப் போன பூகா நகுவா முதல் சீசனில் 1,486 கெஜம் குவித்துப் புதுமுகங்களுக்கான சாதனையை உடைத்தார். ஒவ்வொரு வருடமும் பட்டியலின் கீழே ஒரு பையன் விலகிக்கொண்டே இருக்கிறான். யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்களும் பார்க்கலாம்! கல்லூரி சீசனில் ஏதாவது ஒரு சனிக்கிழமை ஆட்டத்தைப் போடுங்கள். ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரு பையனைத் தேர்ந்தெடுங்கள். பந்து அசைந்ததும் கண்ணைக் குவார்ட்டர்பேக்கிடமிருந்து பிடுங்கி அவன் காலில் வையுங்கள். படத்தைவிட்டு வெளியேறிவிட்டால் மறு ஒளிபரப்பில் தேடுங்கள். முதல் அடி முன்னே போகிறதா? மறித்தவன் கை காற்றில் நிற்கிறதா? அடுத்த முறை பந்து வேறு பக்கம் போகும்போது இவன் யாரையாவது மறித்துக்கொண்டு நிற்கிறானா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் அவன் எந்தச் சுற்றில் போனாலும், அவன் பெயர் வாசிக்கப்படும்போது சோபாவிலிருந்து துள்ளிக் குதிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு!